மன்னிப்பு வேண்டாம், தீர்ப்பை நீக்குங்கள்: மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்களுக்கும், தங்கள் அலுவலகத்தில் பழைய தீர்ப்புகளை மறுஆய்வு செய்யும் பிரிவினருக்கும்,

வணக்கம்.

1964ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், தங்கள் அலுவலகம் தொடுத்து நடத்திய வழக்கில், லெனி புரூஸ் என்னும் நகைச்சுவைக் கலைஞர் மேடையில் ஆபாசமாகப் பேசிய குற்றவாளி என்று நியூயார்க் குற்றவியல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மாறுபட்டார். 2003 டிசம்பர் 23 அன்று ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி புரூஸுக்கு மன்னிப்பு வழங்கினார். இறந்துபோன ஒருவருக்கு இம்மாநிலத்தில் வழங்கப்பட்ட முதல் மன்னிப்பு அது. அதற்காக உழைத்த சட்ட அறிஞர்களையும் கையெழுத்திட்ட கலைஞர்களையும் நான் வணங்குகிறேன். ஆயினும் மன்னிப்பு என்பது குற்றம் செய்தவருக்குத் தரப்படுவது. தீர்ப்பு அப்படியே நிற்க, தண்டனை மட்டுமே அதனால் கழுவப்படுகிறது. அந்தத் தீர்ப்பை நீக்குமாறு தங்கள் அலுவலகமே நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக வாழும் தமிழன். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன். இம்மடலின் ஆங்கில வடிவம் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே வந்து சேரும். இதைத் தமிழிலும் எல்லோரும் காண வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்க்கும் இளைஞர்கள் என் மொழிக்காரர்களில் இன்று ஏராளம். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எழுதிவைத்த துணுக்குகளை ஒப்பிக்காமல், தன் மனத்தில் பட்டதைத் தன் சொந்த வாயால் பேசும் அந்த வழக்கத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதை அவர்களும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் பெயர்ப்பேன் என்பது என் தொழிலின் உறுதிமொழி. சொற்களை மட்டும் பெயர்த்துவிட்டால் அந்த உறுதிமொழி நிறைவேறிவிடாது என்பதை ஒரு சாட்சி எனக்குக் கற்றுத்தந்தார். வழக்கின் விவரத்தைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஒரு சொல்லை மட்டும் சொல்கிறேன். ஊருக்கு வந்தும் தன் வீட்டுக்கு வராமல் போனதற்காக நண்பன் தன்னிடம் "கொன்னுடுவேன்டா உன்னை" என்றதாக அவர் கூறினார். கூறும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் இறக்கினால் அது கொலை மிரட்டலாகிவிடும். சொல்லைப் பெயர்த்துவிட்டு, நீதிபதியிடம் அனுமதி பெற்று, எங்கள் மொழியில் இது உரிமையின் மிகுதியிலும் வருவதுண்டு என்று விளக்கினேன். அன்று மாலை வீடு திரும்பும் ரயிலில் ஹெர்பர்ட் ரூஹியின் நினைவு எனக்கு வந்தது.

ரூஹி தங்கள் அலுவலகத்தின் சாட்சி. நகர உரிமத் துறையில் ஆய்வாளராக இருந்தவர், அதற்கு முன் சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர். 1964 மார்ச் இறுதியில், பிளீக்கர் தெரு 152ஆம் எண்ணில் தரைக்குக் கீழே இயங்கிய கஃபே ஓ கோ கோ என்னும் அரங்கில் அமர்ந்து, புரூஸ் பேசப் பேசக் குறிப்பெடுத்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் புரூஸ் அடுத்தடுத்து இருமுறை கைதானார், அரங்கின் உரிமையாளர் ஹோவர்ட் சாலமனும் கைதானார். வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ரூஹி புரூஸின் நிகழ்ச்சியை நீதிமன்றத்தில் ஏறத்தாழ நடித்தே காட்டினார். எந்தப் பேச்சின் நடுவில், எந்த மூச்சில், யாரைப் போல நடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் வந்தது என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுத முடியாது. காவல்துறை மறைவாகப் பதிவுசெய்த ஒலிநாடாவும் அவ்வழக்கில் இருந்தது உண்மையே. ஆயினும் ஒரு கலைஞன் தன் கலை வேறொருவர் வாயில் சிதைவதைக் குற்றவாளியாக உட்கார்ந்து கேட்க நேர்ந்த அந்தக் காட்சி என்னை விட்டு அகலவில்லை. தடுமாறுவது இந்த மனிதர், சிறைக்குப் போகப்போவது நானா என்று புரூஸ் குமுறினார். இவருடைய குளறுபடியையும் நேரம் தவறிய நகைச்சுவையையும் வைத்தா என்னை எடைபோடுவது என்று கேட்டார். தன் நிகழ்ச்சியைத் தானே நிகழ்த்திக் காட்ட அனுமதியுங்கள் என்று நீதிபதிகளிடம் கெஞ்சினார். கடைசிவரை அந்த அனுமதி கிடைக்கவில்லை.

யார் இந்த மனிதர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். லெனர்ட் ஆல்ஃப்ரட் ஷ்னைடர் என்னும் இயற்பெயருடன் 1925 அக்டோபர் 13 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள மினியோலாவில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். தாய் சாலி மார் மேடைக் கலைஞர். பதினாறு வயதில், 1942இல், கடற்படையில் சேர்ந்து, யுஎஸ்எஸ் புரூக்ளின் கப்பலில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரைக் கண்டார். போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் ஆடை களையும் நடன விடுதிகளில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக வயிறு வளர்த்தார். அங்கே வந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் அல்லர். கேட்டுச் சிரித்தவர்கள் பின்னால் அமர்ந்திருந்த வாத்தியக்காரர்கள் மட்டுமே. அவர்களைச் சிரிக்கவைக்கவே அவர் பேசத் தொடங்கினார். ஜாஸ் இசைக்காரர்களின் பேச்சுவழக்கும், வீட்டில் கேட்ட இத்திஷ் என்னும் யூத மொழிச் சொற்களும், அந்த இசையில் ஒரு மெட்டை எடுத்து அந்தந்த நேரத்துக்கு ஏற்ப விரித்துக்கொண்டே போகும் முறையும் அவர் பேச்சில் ஊறியது இப்படித்தான்.

அவர் வாழ்க்கை மாசற்றது என்று நான் வாதாடவில்லை. ஆடை களையும் நடனக் கலைஞரான ஹனி ஹார்லோவை 1951இல் மணந்தார், 1955இல் மகள் பிறந்தாள், 1957இல் மணமுறிவு நேர்ந்தது. மயாமியில் பாதிரியார் வேடமிட்டு, தொழுநோயாளர் காப்பகத்துக்கு என்று சொல்லி நன்கொடை திரட்டியதற்காகக் கைதாகி விடுதலையானார். போதைமருந்தின் பிடியில் சிக்கினார், அதற்காகவும் கைதானார். இவற்றையெல்லாம் அறிந்தும்தான் கேட்கிறேன். தங்கள் அலுவலகம் அவரைக் கூண்டில் ஏற்றியது இவற்றில் எதற்காகவும் அன்று. பேச்சுக்காக.

அந்தப் பேச்சில் என்ன இருந்தது? ஆபாசம் என்று பெயரிட்டவர்கள் தனித்தனிச் சொற்களை எண்ணினார்கள். பேச்சை முழுதாகக் கேட்டால் வேறொன்று தெரியும். 1950களின் இறுதியில் அவர் நிகழ்த்திய ஒரு பகுதியில், மதத் தலைவர்கள் விளம்பர நிறுவன அதிகாரிகளைப் போல வட்டமாகக் கூடி, இந்த ஆண்டு வசூல் எப்படி என்று பேசிக்கொள்வார்கள். இன்னொன்றில், ஒரு விருந்தில் வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பினக் கலைஞர் ஒருவரிடம் நட்பாகப் பேச முயல்வார். முற்போக்கானவர் என்று காட்டிக்கொள்ள அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அவர் மனத்தில் கிடக்கும் இழிவான எண்ணத்தை வெளியே இழுத்துவரும். அந்தப் பகுதியைப் பதிவில் கேட்கும்போது கவனித்தேன்: புரூஸ் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. வெள்ளைக்காரரின் குரலில் உண்மையான அன்பு இருக்கிறது. அந்த அன்போடுதான் அவர் அவமதிக்கிறார். மறுமுனையில் இருப்பவர் ஒற்றைச் சொல்லில், மரியாதையாக, தலையாட்டிக்கொண்டே விடை சொல்கிறார். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த உரையாடலை நான் இந்த நகரத்து விருந்துகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். "உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்று என்னிடம் மகிழ்ந்து சொல்பவர்களின் குரலும் அதே குரல்.

இனவசைச் சொற்களை ஒன்றுவிடாமல் மேடையில் அடுக்கி, அவற்றை மூடி மறைப்பதுதான் அவற்றுக்கு நஞ்சைத் தருகிறது என்று அவர் வாதிட்ட பகுதி இன்றும் விவாதத்துக்குரியது. அவருடைய வாதத்தை நான் முழுதும் ஏற்கவில்லை. ஒரு சொல்லைப் பலமுறை சொல்வதால் அதன் காயம் ஆறிவிடும் என்று, அந்தச் சொல்லால் அடிபட்டவர்களின் சார்பில் வேறொருவர் முடிவுசெய்ய முடியாது. ஆனால் மொழி எப்படி மனிதரை வதைக்கிறது என்பதை மேடையில் நின்று ஆராய்ந்த ஒருவரை, அந்த ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட சொற்களுக்காகத் தண்டிப்பது நீதியாகாது.

1961 பிப்ரவரி 4 நள்ளிரவில் அவர் கார்னகி அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். அன்று நகரம் பனிப்புயலில் புதைந்துகிடந்தது. ஆயினும் மக்கள் வந்து அரங்கை நிறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவர் பேசிய அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதுதான் அவருடைய உச்சம். அதே ஆண்டு அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆபாசக் குற்றச்சாட்டில் முதல் கைது. அங்கே நடுவர் குழு அவரை விடுவித்தது. 1962 டிசம்பரில் சிகாகோவின் கேட் ஆஃப் ஹார்ன் அரங்கில் மேடையிலேயே கைது. பிரிட்டன் அவரை நாட்டுக்குள் விட மறுத்தது. அரங்க உரிமையாளர்கள் உரிமம் போய்விடுமே என்று அஞ்சி அவரை அழைக்கத் தயங்கினார்கள். இந்த நிலையில்தான் அவர் 1964இல் தங்கள் எல்லைக்குள் வந்தார்.

அன்றைய மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகன். இவ்வழக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர், இதில் குற்றம் இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த மனசாட்சியும் தங்கள் அலுவலகத்தின் மரபுதான் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பிறகு ரிச்சர்ட் கூ வழக்கை நடத்தினார். கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் திரட்டிய கண்டன அறிக்கையில் ஜேம்ஸ் பால்ட்வின், சூசன் சோன்டாக், நார்மன் மெய்லர், பாப் டிலன் போன்றவர்கள் கையெழுத்திட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூன் 22 அன்று, சமூக மதிப்பு சிறிதும் அற்றதாக இருந்தாலன்றி ஒரு படைப்பை ஆபாசம் என்று தண்டிக்க முடியாது என்ற அளவுகோலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜேகபெல்லிஸ் வழக்கில் வலியுறுத்தியது. அந்த அளவுகோலின்படியே, சிகாகோவில் அவருக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனையை இலினாய் உச்ச நீதிமன்றம் நவம்பரில் ரத்து செய்தது. அதே நவம்பரில்தான் நியூயார்க் அவரைக் குற்றவாளி என்றது. டிசம்பர் 21 அன்று நான்கு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பிணையில் வெளிவந்த புரூஸ் மேல்முறையீட்டை முறைப்படி நடத்தி முடிக்கும் நிலையில் இல்லை. வழக்கறிஞர்களை விலக்கிவிட்டுச் சட்டப் புத்தகங்களைத் தானே படித்தார். மேடையில் ஏறினால் நகைச்சுவைக்குப் பதிலாக நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை வாசித்தார். சிரிக்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். 1965இல் சான் ஃபிரான்சிஸ்கோ விடுதி ஒன்றின் சன்னலிலிருந்து விழுந்து கால்களை உடைத்துக்கொண்டார். அதே ஆண்டு திவாலானார். 1966 ஆகஸ்ட் 3 அன்று ஹாலிவுட்டில் உள்ள தன் வீட்டுக் குளியலறையில், மார்ஃபின் மிகையாகி, நாற்பது வயதில் இறந்துகிடந்தார். ஆடையின்றிக் கிடந்த அந்த உடலைப் படமெடுக்கக் காவல்துறை செய்தியாளர்களை உள்ளே அனுமதித்தது.

அவ்வழக்கில் பங்கேற்ற உதவி அரசு வழக்கறிஞர்களில் ஒருவரான வின்சென்ட் குச்சியா பின்னாளில் மனம் வருந்திச் சொன்னதை யாரும் மறக்க முடியாது. ஹோகனின் அலுவலகத்தில் தான் செய்தவற்றில் உண்மையாக வெட்கப்படுவது இது ஒன்றுக்காகவே என்றார். அவரை வறுமைக்கும் திவாலுக்கும் தள்ளினோம், செய்வது என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், சட்டத்தைக் கொண்டே அவரைக் கொன்றோம் என்றார். அந்த அலுவலகத்துக்குள் இருந்த ஒருவரே இவ்வாறு சொல்லியிருக்கும்போது, அலுவலகம் மட்டும் இன்றுவரை நீதிமன்றத்தின் முன் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இப்போது சட்டத்தின்படி நிலைமை என்ன என்று பாருங்கள். அரங்க உரிமையாளர் ஹோவர்ட் சாலமன் மேல்முறையீட்டை விடாமல் நடத்தினார். 1968இல் அவருடைய தண்டனை ரத்தாயிற்று. அதே அரங்கம், அதே இரவுகள், அதே பேச்சு. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தவர் குற்றமற்றவர் என்றாகிவிட்டது. பேசியவர் மட்டும் மன்னிக்கப்பட்ட குற்றவாளியாக ஏட்டில் நிற்கிறார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கண்ணில் குற்றமே இல்லாத ஒன்றுக்கு எதற்காக ஒரு மனிதரை மன்னிக்க வேண்டும்? சாகாமல் இருந்திருந்தால் அவருக்கும் அதே விடுதலை கிடைத்திருக்கும். அவர் செத்துப்போனதுதான் அவருடைய வழக்கில் குறை.

இறந்தவருக்காகத் தீர்ப்பை நீக்க வழியில்லை என்று தங்கள் அலுவலகம் சொல்லாது என்று நம்புகிறேன். ஏனெனில் அதைத் தாங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் கொலை வழக்கில் 1966இல் தண்டிக்கப்பட்ட முகமது அஜீஸ், கலீல் இஸ்லாம் ஆகிய இருவர் மீதான தீர்ப்புகளை நீக்குமாறு 2021 நவம்பரில் தங்கள் அலுவலகம் தற்காப்புத் தரப்போடு சேர்ந்து மனுச் செய்தது, நீதிமன்றமும் நீக்கியது. கலீல் இஸ்லாம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 2009இலேயே இறந்துவிட்டார். அந்த வழக்கும் ஃபிராங்க் ஹோகனின் காலத்தது, புரூஸின் வழக்குக்குச் சற்றே பிந்தியது. கொலைக் குற்றத்துக்காக இருபது ஆண்டுக்கும் மேல் சிறையில் வாடியவர்களுக்கு நேர்ந்த அநீதியோடு நான்கு மாதத் தண்டனையை ஒப்பிடுவது என் நோக்கமன்று. வழி இருக்கிறது, அந்த வழியில் தாங்கள் நடந்திருக்கிறீர்கள் என்பதை மட்டுமே சுட்டுகிறேன். சிறு குற்றங்கள் என்று தள்ளிவிடாமல், நம்பகத்தன்மை இழந்த காவலர்களின் சாட்சியத்தில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குற்றத் தீர்ப்புகளை நீக்கவும் 2022இல் தாங்கள் முன்வந்தீர்கள்.

இந்த மனிதர் ஏற்கெனவே புகழ்பெற்றவர், வரலாறு அவரை விடுவித்துவிட்டது, ஒரு காகிதத்தால் என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். அவர் புகழ் பெரியது என்பது உண்மை. சிகாகோவில் அவர் கைதான இரவில் பார்வையாளராக இருந்து, அடையாள அட்டையைக் காட்ட மறுத்து, அவரோடு சேர்ந்தே காவல் வண்டியில் ஏற்றப்பட்டவர் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின். பின்னாளில் ஒளிபரப்பில் சொல்லக் கூடாத ஏழு சொற்களை மேடையில் ஆராய்ந்து, 1972இல் மில்வாக்கியில் தானும் கைதானார். அச்சொற்களைப் பற்றிய அவருடைய பேச்சு ஒன்று 1978இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான ரிச்சர்ட் பிரையர் தன் வாழ்வின் இருட்டையெல்லாம் மறைக்காமல் மேடைக்குக் கொண்டுவந்தாரென்றால், அந்தக் கதவைத் திறந்துவைத்தவர் புரூஸ். வாஷிங்டனில் உள்ள கென்னடி கலை மையம் 1998இல் நகைச்சுவைக்கான முதல் மார்க் டுவைன் பரிசைப் பிரையருக்கு அளித்தது. 2008இல் கார்லினுக்கு, அவர் மறைந்த பிறகு, அதே பரிசை அளித்தது. மாணவர்களுக்கு நாட்டின் தலைநகரில் பரிசு, ஆசானின் பெயரில் இந்த நகரத்தில் ஒரு குற்றத் தீர்ப்பு. அந்தக் காகிதம் அற்பமானது என்றால் அதை நீக்குவதில் தயக்கம் எதற்கு?

2003இல் ஆளுநர் அந்த மன்னிப்பைப் பேச்சுரிமை பற்றிய நல்ல சொற்களோடுதான் வழங்கினார். அவர் அதிகாரத்துக்குள் அவரால் செய்ய முடிந்தது அதுதான். வழக்குத் தொடுத்தவர் அவர் அல்லர். வழக்குத் தொடுத்த அலுவலகம் எழுந்து நின்று, நாங்கள் தொடுத்த வழக்கு தவறு என்று சொல்வதற்கு இருக்கும் எடை வேறெதற்கும் கிடையாது. நீதிமன்றத்தில் நாள்தோறும் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசுத் தரப்பு எழுந்து தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் நொடியில் அந்த அறையின் காற்றே மாறிவிடும்.

ஆகவே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 440.10ஆம் பிரிவின் கீழ் லெனி புரூஸ் மீதான 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கவும் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்யவும் தங்கள் அலுவலகம் மனுச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வழக்கில் தங்கள் வசம் இருக்கும் கோப்புகளையும் ஒலிநாடாக்களையும் ஆய்வாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்றும் கேட்கிறேன். புரூஸின் சொந்தத் தாள்கள் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எதிர்த்தரப்பின் தாள்களும் வெளிவந்தால்தான் வரலாறு முழுமையாகும்.

மனு விசாரணைக்கு வரும் நாளில் எனக்கு இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த இரவுகளின் ஒலிப்பதிவு கேட்கும் நிலையில் இருக்குமானால், எந்தச் சொல்லையும் வெட்டாமல், யாரும் குறிப்பேட்டைப் பார்த்து வாசிக்காமல், சென்டர் தெருவில் உள்ள குற்றவியல் நீதிமன்றத்தில் அவருடைய குரலிலேயே அதை ஒலிக்கவிடுங்கள். 1964இல் அவர் கேட்டது அதைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நியூயார்க் நகரத் தமிழ் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்